பேட்ச் கோப்பில் ஃபார் லூப்: எங்கே படிப்பது, எப்படிப் படிப்பது

ஒரு கோப்புறையில் 200 கோப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ஆண்டைச் சேர்க்க வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினால் ஒரு மாலைப்பொழுது அதிலேயே போய்விடும், நடுவில் நான்கைந்து பெயர்கள் தப்பாகவும் போகும். "இதற்கு ஒரு வரி போதுமே, ஃபார் போடு" என்று யாராவது சொல்வார்கள். சரி என்று இணையத்தில் தேடினால் பத்து விதமாக எழுதியிருக்கும். ஒன்றில் ஒற்றைச் சதவீதக் குறி, இன்னொன்றில் இரட்டை, மூன்றாவதில் டாலர் குறி. எடுத்து ஒட்டினால் ஒன்றும் ஓடாது. பேட்ச் லூப் கற்கத் தொடங்கும் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. பேட்ச் கோப்பு என்பது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து மொத்தமாக ஓட்டும் ஓர் உரைக் கோப்பு. லூப் என்றால் என்ன, அதைப் பற்றிய நல்ல விளக்கம் எங்கே கிடைக்கும், கிடைத்ததை எப்படிப் படிப்பது என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒன்று தெரியாமல் மற்றது பயன்படாது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். குறிகள், எண்கள், இடைவெளிகள் எல்லாம் இங்கே இருப்பதுபோலவே.

லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. பாடப் புத்தகங்களில் மடக்கு என்று படித்திருப்பீர்கள். விண்டோஸின் கட்டளை வரியில், அதாவது சிஎம்டி என்று அடித்தால் திறக்கும் கறுப்புச் சாளரத்தில், அந்த வேலையைச் செய்யும் கட்டளையின் பெயர் ஃபார். அதன் மிக எளிய வடிவம் இது:

ஃபார் %ஐ இன் (சிவப்பு பச்சை நீலம்) டூ எக்கோ %ஐ

அடைப்புக்குள் ஒரு பட்டியல். அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து %ஐ என்ற மாறியில் வைத்து, டூ என்பதற்குப் பின்னால் இருக்கும் கட்டளையை ஓட்டுகிறது. எக்கோ என்றால் திரையில் காட்டு. ஆக மூன்று நிறங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். பட்டியலுக்குப் பதிலாக *.டிஎக்ஸ்டி என்று போட்டால் அந்தக் கோப்புறையில் உள்ள உரைக் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். பட்டியல், மாறி, செய்ய வேண்டிய வேலை: ஃபார் எவ்வளவு சிக்கலான உருவத்தில் வந்தாலும் இந்த மூன்றும்தான் உள்ளே இருக்கும்.

முதல் பாடம் கணினிக்குள்ளேயே இருக்கிறது

இணையத்துக்குப் போகும் முன் அதே கறுப்புச் சாளரத்தில் இதை அடியுங்கள்:

ஃபார் /?

ஃபார் கட்டளையின் முழு விளக்கமும் வரும். இணைய இணைப்பே தேவையில்லை. ஹெல்ப் ஃபார் என்று அடித்தாலும் இதே விளக்கம்தான். பக்கம் பக்கமாக ஓடுகிறது என்றால் ஃபார் /? > குறிப்பு.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு நோட்பேடில் திறந்து நிதானமாகப் படிக்கலாம்.

தொடக்கத்தில் நானும் இதைத் திறந்த வேகத்தில் மூடியவன்தான். அது பாடமாக எழுதப்படவில்லை, அகராதிபோல எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். பெரிய எழுத்தில் இருக்கும் சொற்கள் கட்டளையின் பகுதிகள், அவற்றை மாற்றக்கூடாது. சிறிய எழுத்தில் இருப்பவை நீங்கள் நிரப்ப வேண்டிய இடங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம். போடலாம், விடலாம், ஆனால் சதுர அடைப்பையே அடித்துவிடக்கூடாது. இந்த மூன்றும் தெரிந்தால் முதல் பக்கம் தெளிவாகிவிடும்.

அந்த முதல் பக்கத்திலேயே, பல பேரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் ஒரு விஷயத்துக்குப் பதில் இருக்கிறது. கட்டளை வரியில் நேரடியாக அடிக்கும்போது %ஐ. அதே வரியை பேட்ச் கோப்புக்குள் எழுதும்போது %%ஐ. மாறியின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதும் அங்கேயே இருக்கிறது.

ஏன் இப்படி இரண்டு விதம்? காரணம் தெரிந்தால் மறக்காது. பேட்ச் கோப்பின் ஒவ்வொரு வரியையும் ஓட்டுவதற்கு முன் சிஎம்டி ஒருமுறை அலசுகிறது. இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் எது இருந்தாலும் அதை ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். இப்போது கோப்புக்குள் ஒற்றைக் குறியோடு மேலே சொன்ன வரியை எழுதினால் என்ன ஆகும்? முதல் சதவீதக் குறிக்கும் இரண்டாவது சதவீதக் குறிக்கும் நடுவில் இருக்கும் முழுத் துண்டையும், பட்டியலையும் சேர்த்து, ஒரு மாறியின் பெயராக நினைத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறி கிடையாது. அதனால் துண்டு முழுவதும் காணாமல் போகும். மிஞ்சுவது ஃபார் ஐ என்ற இரண்டே சொற்கள். உடனே, ஐ என்பதை இந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை என்று பிழைச்செய்தி வரும். இரட்டைக் குறி போட்டால் அந்த அலசலில் இரண்டும் சேர்ந்து ஒற்றைக் குறியாக மாறி, ஃபாருக்குச் சரியானபடி போய்ச் சேரும்.

தலைகீழாகச் செய்தாலும் பிழைதான். கட்டளை வரியில் இரட்டைக் குறி போட்டால், எதிர்பாராதது %%ஐ என்று செய்தி வரும். ஆகவே பிழைச்செய்தியைக் கவனித்துப் படியுங்கள். வெறும் ஐ என்று புகார் வந்தால் கோப்புக்குள் குறி குறைகிறது. %%ஐ என்று புகார் வந்தால் கட்டளை வரியில் குறி கூடிவிட்டது. மாதிரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுபவருக்கு இது மர்மமாகவே இருக்கும். உங்களுக்கு இனி இருக்காது.

ஃபாரின் நான்கு உடன்பிறப்புகள்

ஃபார் கட்டளை, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்திலிருந்தே, 1983-இல் வந்த அதன் 2.0 பதிப்பிலிருந்தே, இருக்கிறது. அப்போது அது கோப்புகளையும் சொற்களையும் மட்டும் எடுத்துக்கொடுக்கும். பின்னாளில் விண்டோஸ் என்டி வரிசையில் சிஎம்டி வளர்ந்தபோது அதோடு சில சாய்கோட்டு எழுத்துகள் சேர்ந்தன. அதனால்தான் டாஸ் காலத்துக் குறிப்புகளில் இவை எதுவும் இருக்காது. பழைய பக்கம் ஒன்று கைக்கு வந்தால் அது எந்தக் காலத்துக்கானது என்று முதலில் பாருங்கள்.

/எல் எண்களுக்கானது. ஃபார் /எல் %ஐ இன் (1,1,5) டூ எக்கோ %ஐ என்றால் 1 முதல் 5 வரை. மூன்று எண்களின் வரிசையில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள்: தொடக்கம், படி, முடிவு. முடிவு கடைசியில். (5,-1,1) என்றால் 5-இலிருந்து கீழே இறங்கும். படியை 0 என்று போட்டுவிட்டால் லூப் நிற்காது. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

/டி கோப்புகளை விட்டுவிட்டுக் கோப்புறைகளின் பெயர்களை எடுக்கும். /ஆர் உள்கோப்புறைகளுக்குள்ளும் இறங்கித் தேடும். ஆனால் /ஆர்-க்குக் கொடுக்கும் பெயரில் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தேடாது. ஒவ்வொரு கோப்புறையின் பெயரோடும் நீங்கள் கொடுத்த பெயரை ஒட்டிக் காட்டும், அந்தக் கோப்பு அங்கே இருக்கிறதோ இல்லையோ.

/எஃப்-தான் பெரியவர். உண்மையான வேலைகளில் பாதி இதில்தான் நடக்கும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். மற்றவை பெயர்களை எடுக்கின்றன. இது ஒரு கோப்புக்குள்ளே இருக்கும் வரிகளை எடுக்கிறது, அல்லது இன்னொரு கட்டளையின் விடையை வரி வரியாக எடுக்கிறது. காற்புள்ளியால் பிரித்த பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்கிறது, ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், எண் என்று வைத்துக்கொள்வோம்:

ஃபார் /எஃப் "டோக்கன்ஸ்=1,3 டிலிம்ஸ்=," %%ஏ இன் (பட்டியல்.டிஎக்ஸ்டி) டூ எக்கோ %%ஏ %%பி

டிலிம்ஸ் என்பது வரியை எந்தக் குறியில் வெட்டுவது என்று சொல்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் இடைவெளியிலும் டேப்பிலும் வெட்டும். டோக்கன்ஸ் என்பது வெட்டிய துண்டுகளில் எத்தனையாவது துண்டுகள் வேண்டும் என்று சொல்கிறது. இங்கே முதலாவதும் மூன்றாவதும். நாம் %%ஏ என்ற ஒரே மாறியைத்தான் கொடுத்தோம், %%பி எங்கிருந்து வந்தது? ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தை ஃபார் தானாகவே எடுத்துக்கொள்கிறது. முதல் துண்டு ஏ-யில், அடுத்தது பி-யில். ஆகவே பல துண்டுகள் எடுக்கும்போது இசட்டில் தொடங்காதீர்கள்.

வெற்று வரிகளை இது தாண்டிப் போய்விடும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளையும், நீங்கள் வேறு சொல்லாதவரை, குறிப்பு வரி என்று நினைத்து விட்டுவிடும். அப்புறம், காற்புள்ளிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஒரு வெற்றுத் துண்டு இருப்பதாக அது கருதாது. இரண்டையும் ஒரே வெட்டாகப் பார்க்கும். ஊர் நிரப்பப்படாத வரியில் எண் இரண்டாவது துண்டாக நகர்ந்துவிடும். இது தெரியாமல் கணக்குப் பட்டியலைப் பிரித்தால் விடை தப்பும், பிழைச்செய்தியும் வராது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உதவியில் இல்லாத பாடம், பக்கத்து வீட்டில் இருக்கிறது

இனி, புதியவர்களை அதிகம் குழப்பும் விஷயம். எத்தனை கோப்புகள் என்று எண்ணிப் பார்க்க இப்படி ஒரு பேட்ச் கோப்பு எழுதுகிறீர்கள்:

செட் என்=0
ஃபார் %%ஏ இன் (*.டிஎக்ஸ்டி) டூ (
செட் /ஏ என்+=1
எக்கோ %என்%
)
எக்கோ மொத்தம் %என்%

ஏழு கோப்புகள் இருந்தால் 1, 2, 3 என்று வரும் என்று நினைப்போம். வருவது ஏழு முறை 0. கடைசி வரியில் மட்டும் மொத்தம் 7 என்று சரியாக வரும்! எண்ணிக்கை நடக்கிறது, ஆனால் லூப்புக்குள் தெரியவில்லை. ஃபார் /? விளக்கத்தை எத்தனை முறை படித்தாலும் இதற்குக் காரணம் கிடைக்காது. எனக்கு இது புரியவே வெகுநாள் ஆயிற்று, ஏனென்றால் நான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். விடை செட் /? என்ற கட்டளையின் விளக்கத்தில் இருக்கிறது. அதில் வரும் மாதிரிகளில் ஒன்று ஃபார் லூப்தான்.

காரணம் இதுதான். திறக்கும் அடைப்பிலிருந்து மூடும் அடைப்புவரை உள்ள முழுப் பகுதியையும் சிஎம்டி ஒரே வரிபோல வாசிக்கிறது. வாசிக்கும் அந்தக் கணத்திலேயே %என்% என்ற இடங்களில் அப்போதைய மதிப்பை எழுதிவிடுகிறது. அப்போது மதிப்பு 0. அதற்குப் பிறகுதான் லூப் ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது அங்கே மாறியே இல்லை, 0 என்ற எழுத்துதான் இருக்கிறது. அடைப்புக்கு வெளியே இருக்கும் கடைசி வரி தனியாக வாசிக்கப்படுவதால் அங்கே சரியான எண் வருகிறது.

தீர்வு: கோப்பின் மேலே செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன் என்று ஒரு வரி (இரண்டே சொற்கள், இரண்டாவது சொல்லில் இடைவெளி கிடையாது). பிறகு லூப்புக்குள் %என்% என்பதற்குப் பதிலாக !என்! என்று எழுதுங்கள். ஆச்சரியக்குறிக்குள் இருப்பதன் மதிப்பை ஓடும் நேரத்தில்தான் பார்க்கும். ஒரு எச்சரிக்கை: இது இயங்கும்போது கோப்புகளின் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால் அந்தப் பெயர் சிதைந்துவிடும்.

இப்படி, ஃபாரைப் பற்றிய பாடம் நான்கைந்து கட்டளைகளின் உதவியில் சிதறிக் கிடக்கிறது. செட் /?, செட்லோக்கல் /?, கால் /?, இஃப் /? எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மொத்தமாகப் படித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஒரு பட்டியலே இல்லாமல், ஏதோ ஒன்று நடக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும் என்றால் கோட்டூ என்ற கட்டளை. முக்காற்புள்ளியோடு ஒரு பெயரை வரியின் தொடக்கத்தில் எழுதி, கீழே இஃப் வைத்துச் சோதித்து, கோட்டூ அந்தப் பெயர் என்று மேலே திருப்பி அனுப்பலாம். மற்ற நிரல்மொழிகளில் வொயில் என்ற கட்டளை செய்யும் வேலையை இங்கே இதுதான் செய்கிறது. ஃபாரின் அடைப்புக்குள்ளிருந்து கோட்டூ சொல்லி வெளியே குதித்தால் அந்த ஃபார் அத்தோடு கலைந்துவிடும், மீண்டும் உள்ளே போய்த் தொடர முடியாது.

வெளியே தேடும்போது

கணினிக்குள் இருப்பதைப் படித்த பிறகு இணையத்துக்குப் போனால் தேடல் எளிதாகும், ஏனென்றால் என்ன சொற்களால் தேடுவது என்று இப்போது தெரியும். தேடுபொறிகள் சதவீதக் குறியையும் சாய்கோட்டையும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனால் குறிகளை அடித்துத் தேடாமல் பெயர்களால் தேடுங்கள்: டோக்கன்ஸ் டிலிம்ஸ், டிலேய்டு எக்ஸ்பேன்ஷன். அவற்றோடு பேட்ச், சிஎம்டி என்ற சொற்களில் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள்.

மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் விண்டோஸ் கட்டளைகளின் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறது. ஃபாருக்கான பக்கம் கணினிக்குள் இருக்கும் விளக்கத்தின் விரிந்த வடிவம். சரிபார்க்க நல்லது, முதல்முறை கற்க அவ்வளவு எளிதல்ல. நான் தொடக்கக்காரர்களுக்குச் சொல்வது எஸ்எஸ்64 என்ற தளம். அங்கே ஃபாரின் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. /எஃப்-ஐக்கூட, கோப்பைப் படிப்பது ஒரு பக்கம், கட்டளையின் விடையைப் படிப்பது இன்னொரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். குழப்பத்தின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் பேட்ச் கோப்புக்கென்று தனிக் குறிச்சொல் உண்டு. உங்கள் பிழைச்செய்தியை அப்படியே அங்கே தேடிப் பாருங்கள். விடையை எடுக்கும் முன் அதன் கீழே உள்ள கருத்துகளையும் படித்துவிடுங்கள், திருத்தங்கள் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

எந்த மாதிரி கிடைத்தாலும், அது உங்கள் சாளரத்துக்கானதுதானா என்று ஒரு பார்வை பாருங்கள். மாறிக்கு முன் டாலர் குறி, கடைசியில் டன் என்ற சொல் இருந்தால் அது லினக்ஸில் ஓடும் பேஷ். டாலர் குறியும் நெளி அடைப்பும் ஃபார்ஈச் என்ற சொல்லும் இருந்தால் அது 2006-இல் வந்த பவர்ஷெல். அதுவும் விண்டோஸ்தான், ஆனால் வேறு மொழி. சதவீதக் குறியும் வட்ட அடைப்பும் இருந்தால் அது நம்முடையது. அதில் ஒற்றைக் குறியா இரட்டையா என்று பார்த்து, கட்டளை வரிக்கா கோப்புக்கா என்று முடிவு செய்யுங்கள்.

அப்புறம், அழிக்கும் கட்டளை, பெயர் மாற்றும் கட்டளை, நகர்த்தும் கட்டளை எது இருந்தாலும் நேரடியாக ஓட்டாதீர்கள். ஒரு தனிக் கோப்புறை உருவாக்கி, வேண்டாத நகல்கள் பத்தை அதில் போட்டு அங்கே சோதியுங்கள். டூ என்பதற்கு அடுத்து எக்கோ என்ற சொல்லைச் சேர்த்தால், அது செய்யப்போகும் வேலையைச் செய்யாமல் திரையில் எழுதிக் காட்டும். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் எக்கோவை எடுங்கள்.

சரி, தொடக்கத்தில் விட்ட 200 கோப்புகள். சாதாரண ஃபாரில் *.டிஎக்ஸ்டி என்று போட்டு நேரடியாகப் பெயர் மாற்றலாம்தான். ஆனால் அது கோப்புறையைப் படித்துக்கொண்டே மாற்றுகிறது. மாற்றிய கோப்பு புதிய பெயரில் மறுபடியும் கண்ணில் பட்டு, ஆண்டு இருமுறை ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் டிர் கட்டளையிடம் முழுப் பட்டியலையும் முதலிலேயே வாங்கி, அதை /எஃப்-இடம் கொடுப்பது பாதுகாப்பானது. பேட்ச் கோப்புக்குள் வரும் வரி இது:

ஃபார் /எஃப் "டிலிம்ஸ்=" %%ஏ இன் ('டிர் /பி /ஏ-டி *.டிஎக்ஸ்டி') டூ எக்கோ ரென் "%%ஏ" "2024_%%ஏ"

ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதால் அது கோப்பல்ல, கட்டளை என்று /எஃப் புரிந்துகொள்கிறது. /பி வெறும் பெயர்களை மட்டும் கேட்கிறது, /ஏ-டி கோப்புறைகளை விலக்குகிறது. டிலிம்ஸ்= என்பதற்குப் பின் ஒன்றும் இல்லாததால் பெயர் எந்த இடத்திலும் வெட்டப்படாது; பெயருக்குள் இடைவெளி இருந்தாலும் முழுதாக வரும். பெயர் மாற்றும் கட்டளையான ரென்னுக்குப் பின் வரும் பெயர்களைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோள்களும் அந்த இடைவெளிக்காகத்தான். ஓட்டினால் 200 கோப்புகளுக்கான வரிகளும் திரையில் ஓடும். மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், எல்லாம் சரியாக இருந்தால் எக்கோ என்ற அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.